உங்கள் ஆரஞ்சு நிற லயனல் வேகன் 1954-ல் வந்ததா, 1966-ல் வந்ததா?

நியூஜெர்சியில் எடிசன் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் பழைய சாமான்களை விற்றபோது லயனல் என்ற பொம்மை ரயில் நிறுவனத்தின் ஐந்து சரக்கு வேகன்களை ஒரே அட்டைப்பெட்டியில் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒன்று ஆரஞ்சு நிறம், பக்கவாட்டில் பெரிய நீல இறகு, வெஸ்டர்ன் பசிபிக் என்ற பெயர், 6464-250 என்ற எண், அடியில் உலோகச் சக்கரத் தொகுதி. இன்னும் இரண்டு, ஒரே எண்ணுள்ள 'ஸ்டேட் ஆஃப் மெய்ன்' வேகன்கள். ஆனால் ஒன்றின் கதவு முழுச் சிவப்பு, மற்றதன் கதவில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் இருக்கின்றன. நீல இறகு மிகவும் அரிதானது என்று எங்கோ படித்துவிட்டு, படமும் போட்டு, இது அதுதானா என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொள்வது இப்படி: ஒரே வேகன் பல தினுசாகக் கிடைக்கிறதே, அந்த வித்தியாசங்களில் எது தொழிற்சாலை செய்தது, எது பின்னால் யாரோ செய்தது, இதைக் கையில் வைத்துப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். எங்கே முடியாது என்பதையும் சொல்கிறேன்.

நான் அம்பத்தூரில் பிளாஸ்டிக் இன்ஜெக்ஷன் மோல்டிங் பட்டறையில், அதாவது உருக்கிய பிளாஸ்டிக்கை 'மோல்டு' என்ற எஃகு அச்சில் செலுத்தி வார்க்கும் இடத்தில், எட்டு வருஷம் வேலை பார்த்தவன். அப்புறம் அமெரிக்கா வந்து, இருபது வருஷத்துக்கு மேலாக லயனலின் போருக்குப் பிந்தைய சரக்கு வேகன்களை மட்டும் சேர்க்கிறேன். இன்ஜின்கள் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது. வேகன்களைப் பொறுத்தவரை விலைப்பட்டியல் புத்தகங்களைவிட அந்த மோல்டிங் பட்டறைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. லயனல் நிறுவனத்தை ஜோஷுவா லயனல் கோவன் 1900-ல் நியூயார்க்கில் தொடங்கினார். நாம் பேசும் வேகன்கள் செய்யப்பட்டது உங்கள் நியூஜெர்சியிலேயே, ஹில்சைட் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து காரில் அரைமணி நேரம்தான். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-லிருந்து, மோல்டுகளும் உரிமையும் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்குக் குத்தகையாகப் போன 1969 வரையிலான காலத்தைத்தான் சேகரிப்பாளர்கள் 'போஸ்ட்வார்' என்கிறார்கள்.

6464 வரிசை 1953-ல் வந்தது. நாலு பக்கமும் மூடிய சரக்கு வேகன், இங்கே பாக்ஸ்கார் என்பார்கள். முதல் வருஷம் நாலு வண்டிகள்: வெள்ளி நிற வெஸ்டர்ன் பசிபிக், ஆரஞ்சு கிரேட் நார்தர்ன், கருஞ்சிவப்பு மினியாபொலிஸ் அண்ட் செயின்ட் லூயிஸ், பச்சை ராக் ஐலண்ட். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் புதிய ரயில்வே கம்பெனியின் பெயரும் நிறமும் சேர்ந்துகொண்டே போயின. இதில் கவனிக்க வேண்டியது, அடிப்படையில் வண்டி ஒன்றுதான். உடலின் வடிவம் ஒன்று, அடித்தகடு ஒன்று, கதவு ஒன்று. மேலே அடிக்கும் பெயிண்டும் எழுத்தும்தான் மாறின. கொஞ்ச முதலீட்டில் ஒரு குழந்தையிடம் பத்து வண்டி விற்க இதைவிட நல்ல வழி கிடையாது. நாம் இன்று தலையை உடைத்துக்கொள்ளும் வித்தியாசங்கள் எல்லாம் இந்தச் சிக்கனத்திலிருந்துதான் வந்தன. எவருக்காகவும் 'அரிய பதிப்பு' என்று திட்டமிட்டு அவர்கள் எதையும் செய்யவில்லை.

முதலில் உடலைப் பாருங்கள், கதவையும் சக்கரத்தையும் அப்புறம் பார்க்கலாம். பக்கச் சுவரில் செங்குத்தாக வரிசை வரிசையாகச் சின்னப் புள்ளிகள் புடைத்திருக்கும். அசல் இரும்பு வேகனின் ரிவெட் தலைகளைப்போலச் செய்தவை. லயனல் இந்த வேகன்கள் பலவற்றில் எழுத்துகளைச் சூடான அச்சை நிறப்படலத்தின் மேல் அழுத்திப் பதித்தது. தட்டையான இடத்தில்தான் அந்தப் பதிப்பு சுத்தமாக விழும். புள்ளிகள்மேல் விழுந்தால் எழுத்து உடையும். அதனால் சின்னங்களும் எழுத்துகளும் வரும் இடத்தில் ரிவெட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கிக்கொண்டே போனார்கள். மேலிருந்து கீழ்வரை முழுசாக ஓட வேண்டிய வரிசை நடுவில் அறுபட்டு நிற்கும். எந்த வரிசை, எந்த இடத்தில் அறுபட்டிருக்கிறது என்பதை வைத்து உடலை முதல் வகையிலிருந்து நாலாம் வகைவரை பிரிக்கிறார்கள்; இரண்டாம் வகைக்குள் இரண்டு உட்பிரிவு உண்டு. 1953, 1954-ன் ஆரம்ப வண்டிகள் முதல் வகை. அறுபதுகளில் வந்தவை நாலாம் வகை.

இதை நான் இவ்வளவு நம்புவதற்குக் காரணம் சொல்கிறேன். பிளாஸ்டிக்கில் புடைப்பு என்றால் மோல்டின் எஃகில் அதே இடத்தில் குழி என்று அர்த்தம். புதிதாக ஒரு புடைப்பு வேண்டுமானால் எஃகைக் கொஞ்சம் குடைந்தால் போதும். இருக்கிற புடைப்பை எடுக்க வேண்டுமானால் அந்தக் குழியை அடைத்து, வெல்டு வைத்து, மட்டமாகத் தேய்த்து, மெருகேற்ற வேண்டும். அடைத்ததை மறுபடி பழையபடி ஆக்க எந்தப் பட்டறைக்காரரும் ஆசைப்படமாட்டார். ஆக, மோல்டு ஒரே திசையில்தான் வயதாகும். 1966-ல் வார்த்த உடலில் 1954-ன் ரிவெட் வரிசை திரும்ப வராது. வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒருவர் வேகனின் நிறத்தை மாற்றலாம், எழுத்தை மாற்றலாம். ஆனால் ரிவெட்டுகளின் அமைப்பை மாற்றினால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது உடலின் உள்பக்கம். அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றி உடலைத் தூக்கினால், பெயிண்ட் படாத பிளாஸ்டிக் தெரியும். வெளியே வெள்ளி நிறம் இருக்கும் வண்டியின் உள்ளே வேறு ஏதாவது நிறம் இருந்தால் பயந்துவிடாதீர்கள். மேலே பெயிண்ட் வரப்போகிறது என்றால் உள்ளே எந்த நிறத்துப் பிளாஸ்டிக் போட்டால் என்ன? அம்பத்தூரில் நாங்களும் அதைத்தான் செய்வோம். முந்தைய வேலையில் மிஞ்சிய குருணை, உடைத்து அரைத்த கழிவு, எல்லாம் இயந்திரத்தின் மேலே உள்ள ஹாப்பர் என்ற புனலில் போய்விடும். ஒரே எண்ணுள்ள 6464 வண்டிகள் உள்ளே இரண்டு மூன்று பிளாஸ்டிக் நிறங்களில் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். இந்த உள்நிறம் சேகரிப்பாளர்களுக்கு முக்கியம், ஏனென்றால் அதைப் பின்னால் யாரும் மாற்ற முடியாது. ஆனால் தேதியைக் காட்ட மட்டும் அதை நம்பாதீர்கள். எந்த வாரம் எந்தக் குருணை ஓடியது என்பதற்கு ஒழுங்கான வரிசை கிடையாது.

எழுத்தைப் பார்க்கும்போது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். சூட்டில் பதித்த எழுத்து பிளாஸ்டிக்கில் மெல்லிய பள்ளமாக இறங்கியிருக்கும், சாய்வாக டார்ச் அடித்தால் விளிம்பு நிழல் விடும். 'எழுத்தே விடுபட்ட' அரிய வண்டி என்று யாராவது நீட்டினால், எழுத்து இருந்திருக்க வேண்டிய இடத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். சூட்டில் பதித்த எழுத்தின் நிறத்தைத் துடைத்தெடுக்கலாம், பள்ளத்தை எடுக்க முடியாது. தொழிற்சாலையிலேயே பெயர் பதியாமல் வெளியே வந்த வண்டிகள் நிஜமாகவே உண்டு. ஆனால் துடைத்துச் செய்த பொய் வண்டிகள் அவற்றைவிட அதிகம் என்பது என் அனுபவம். எழுத்தின் நிறத்துக்கும் இதே எச்சரிக்கை. 1953-ன் வெள்ளி நிற 6464-1-ல் எழுத்து நீலம். சிவப்பு எழுத்துள்ளவை சிலவே வெளிவந்தன. ரட்லண்ட் என்ற ரயில்வே கம்பெனியின் பெயருள்ள வேகனில் கேடயச் சின்னத்தின் உள்ளே நிறம் நிரப்பப்பட்டிருந்தால் அதுவும் சிலவற்றில்தான். இந்த இரண்டும் அரிது என்பதில் சந்தேகமில்லை. அதனாலேயே இவற்றைப்போல் போலி செய்கிறவர்களும் அதிகம். இந்த இரண்டில் ஒன்று உங்களுக்கு எப்போதாவது கிடைத்தால், வாங்குமுன் என்னைப்போன்ற ஒருவரிடம் அல்ல, பத்துப் பேரிடம் காட்டுங்கள்.

மறுபடி பெயிண்ட் அடித்ததைக் கண்டுபிடிக்க, ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு உதவும். பழைய பெயிண்டும் புதிய பெயிண்டும் அந்த ஒளியில் பெரும்பாலும் வேறுவேறாகத் தெரியும். ஆனால் பழைய பெயிண்டையே தேடிப் பிடித்து அடிப்பவர்களும் இருக்கிறார்கள், அதனால் விளக்கில் தேறிவிட்டது என்பதாலேயே ஒரு வண்டியை நம்பிவிட முடியாது. பெயிண்ட் இல்லாத வெறும் பிளாஸ்டிக் வண்டிகளில், வழக்கத்துக்கு மாறான நிறம் என்று சொல்லி விற்பதை நான் வாங்குவதே இல்லை. வெயிலும் ரசாயனமும் பிளாஸ்டிக்கின் நிறத்தை மாற்றிவிடும். ஜன்னலோரம் நாற்பது வருஷம் நின்ற வண்டியை யாரும் ஏமாற்ற நினைத்து வெளுக்கச் செய்யவில்லை, ஆனாலும் அது தொழிற்சாலை நிறம் அல்ல.

இனி கதவு. 1953 முதல் 1955 வரை வந்த கதவில் ஒரே ஒரு கட்டம் புடைத்திருக்கும். 1956-லிருந்து பல கட்டங்கள். இதைச் சேகரிப்பாளர்கள் 'சிங்கிள் பிளாக்', 'மல்டி பிளாக்' என்பார்கள். அடுத்தது சக்கரத் தொகுதி. அமெரிக்காவில் இதை ட்ரக் என்பார்கள். ரயில்வே மொழியில் இதுதான் போகி, ஆனால் நம்மூரில் போகி என்றால் மொத்தப் பெட்டியையே குறிக்கும் என்பதால் அந்தச் சொல்லை நான் தவிர்க்கிறேன். போர் முடிந்ததும் வந்த உலோக ட்ரக்குகளின் முனையில் ஸ்டேப்பிள் ஊசி போன்ற அமைப்பு இருக்கும். 1951-ஐ ஒட்டி அது மாறி, பட்டை போன்ற முனையுள்ள உலோக ட்ரக் வந்தது, 'பார் எண்ட்' என்பது அதன் பெயர். 1957-லிருந்து பிளாஸ்டிக் ட்ரக்குகள் உள்ளே வந்து, அறுபதுகளில் பெரும்பாலான வேகன்களைப் பிடித்துக்கொண்டன. ஒரு வண்டியை அடுத்த வண்டியோடு கோக்கும் கப்ளரும் அப்படித்தான். 1945-ல் ஒவ்வொரு கப்ளருக்குள்ளும் மின்சுருள் இருந்தது. 1948-லிருந்து தண்டவாளத்தில் இருக்கும் மின்காந்தம் அடியில் உள்ள உலோகத் தட்டைக் கீழே இழுத்துக் கப்ளரைத் திறக்கும் முறை வந்தது.

கதவும் ட்ரக்கும் தேதி சொல்வதில் கெட்டிக்காரர்கள், சாட்சி சொல்வதில் அவ்வளவு நம்பகமானவர்கள் அல்ல. இரண்டையும் வீட்டிலேயே கழற்றி மாட்டலாம். எல்லா மாற்றமும் மோசடி என்று நினைத்துவிடவும் கூடாது. இவை பொம்மைகள். குழந்தை விளையாடும்போது கதவு உடையும், கப்ளர் வளையும், அப்பா பக்கத்துப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போவார், அங்கே கையில் இருந்ததை மாட்டித் தருவார்கள். அந்தக் கடைக்காரருக்கு ஐம்பது வருஷம் கழித்து நாம் வந்து கேட்போம் என்று எப்படித் தெரியும்?

உங்கள் ஸ்டேட் ஆஃப் மெய்ன் வண்டிகளுக்கு இதிலேயே விடை இருக்கிறது. அது 6464-275, 1955-ல் வந்தது. முழுச் சிவப்புக் கதவோடும் மூவண்ணக் கதவோடும் தொழிற்சாலையிலிருந்தே வந்திருக்கிறது. ஆகவே இரண்டும் சரியானவையாக இருக்க நியாயம் உண்டு. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கதவில் மட்டும்தான் என்றால், உங்கள் சிவப்புக் கதவு அந்த உடலோடு பிறந்ததா என்று என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்று யாராவது சவால் விட்டால், எதை வைத்து என்று கேளுங்கள். சிவப்புக் கதவு ஒற்றைக் கட்டமாக இருந்து, உடலும் முந்தைய வகையாக இருந்தால் சந்தேகம் குறையும். அவ்வளவுதான்.

சரி, ஆரஞ்சு வண்டிக்கு வருவோம். 1954-ல் வெஸ்டர்ன் பசிபிக் இறகு வண்டி 6464-100 என்ற எண்ணில் வந்தது. அந்தப் பெயருள்ள அசல் ரயில்வே கம்பெனி ஓக்லண்டுக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் இடையே ஓடியது. தங்கள் வண்டியில் சரக்கு இறகுபோல அதிராமல் போகும் என்று விளம்பரம் செய்யத்தான் அந்த இறகு. லயனல் செய்ததில் பரவலாகக் கிடைப்பது வெள்ளி உடல், மஞ்சள் இறகு. அதே எண்ணில் ஆரஞ்சு உடல், நீல இறகு கொண்டவை கொஞ்சம் வந்தன. நீங்கள் படித்த அரிய வண்டி அதுதான். பிறகு 1966-ல் ஆரஞ்சும் நீல இறகுமாக அதே வடிவமைப்பை 6464-250 என்ற எண்ணோடு மறுபடி கொண்டுவந்தார்கள். 1954 வண்டி என்றால் முதல் வகை உடல், ஒற்றைக் கட்டக் கதவு, பார் எண்ட் உலோக ட்ரக், 100-ல் முடியும் எண் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். 1966 வண்டி என்றால் நாலாம் வகை உடல், பல கட்டக் கதவு, பிளாஸ்டிக் ட்ரக், 250-ல் முடியும் எண்.

உங்கள் படத்தில் கதவு பல கட்டம். வலப்பக்கம் வரிசைகள் அறுபட்டிருக்கும் விதம் நாலாம் வகை. எண் 250. இந்த மூன்றும் 1966 என்கின்றன, உலோக ட்ரக் மட்டும் தனியாக வேறு கதை சொல்கிறது. மூன்றில் உடலின் ரிவெட் அமைப்பைத் தெரியாமல் மாற்றவே முடியாது, ட்ரக்கை மாற்றுவது பத்து நிமிஷ வேலை. ஆகவே உங்களிடம் இருப்பது பின்னால் உலோக ட்ரக் மாட்டிய 1966 வண்டி. இதை நான் உறுதியாகவே சொல்கிறேன். ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் 6464-250-யும் நல்ல வண்டிதான், எல்லா வீட்டு அட்டைப்பெட்டியிலும் கிடைக்கிற சாதாரணச் சரக்கு அல்ல.

நானே இதில் அடிபட்டிருக்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு கண்காட்சியில், மிசௌரி பசிபிக் வேகன் ஒன்றைப் பெரிய விலை கொடுத்து வாங்கினேன். 6464-150 அது. 'ஈகிள்' என்ற சொல் கதவுக்கு இடப்பக்கம் இருக்கும் வண்டிகளும் உண்டு, வலப்பக்கம் இருக்கும் வண்டிகளும் உண்டு. சாம்பல் பட்டையிலும் சின்னம் நிற்கும் இடத்திலும்கூட வேறுபாடுகள் உண்டு. இந்த வரிசையிலேயே இவ்வளவு தினுசு கொண்ட வண்டி வேறில்லை என்பேன். நான் வாங்கியது புத்தகத்தில் இல்லாத கூட்டணி, அதனால் புதிய கண்டுபிடிப்பு என்று நம்பினேன். வீட்டுக்கு வந்து உடலைக் கழற்றியபோது, கதவை நகர்த்தும் வழித்தடத்தில் தேய்மானமும் கதவின் தேய்மானமும் பொருந்தவில்லை என்று தெரிந்தது. இரண்டு வண்டிகளிலிருந்து சேர்த்த ஒன்று. விற்றவருக்கே தெரிந்திருக்குமா என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்றிலிருந்து தேய்மானம் பொருந்துகிறதா என்பதை முதலில் பார்க்கிறேன். அறுபது வருஷம் ஒன்றாக இருந்த பாகங்கள் ஒன்றாகவே அழுக்காகியிருக்கும்.

சந்தேகமான பகுதி இரண்டு. ஒன்று, மாற்றம் நடந்த வருஷங்கள். பழைய ட்ரக்கும் கதவும் தீரும்வரை அவர்கள் தூக்கிப்போடவில்லை, அதனால் 1955-லிருந்து 1958 வரையிலான வண்டிகளில் 'பொருந்தாத' கூட்டணி என்பதே சரியானதாக இருக்கக்கூடும். 1957-க்குப் பின்னும் உலோக ட்ரக்கோடு நியாயமாக வந்த வேகன்கள் ஏராளம். 1966-ஐ மட்டும் அப்படிச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு, வண்டியின் பக்கத்தில் பதித்திருக்கும் 'கட்டிய' மாதமும் வருஷமும். அது அசல் வேகனைப்போல இருக்க வேண்டும் என்று சேர்த்த அலங்காரம். அந்த அச்சு எப்போது செய்யப்பட்டது என்பதைக் காட்டலாம், அந்த வண்டி எப்போது ஓடியது என்பதை அல்ல. வருஷக்கணக்கில் அதே அச்சு பயன்பட்டது.

பெட்டி இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் நல்லது, ஏனென்றால் ஐம்பதுகளின் ஆரஞ்சு நீல அட்டைப்பெட்டி ஒரு மாதிரி, 1966-ல் முன்பக்கம் செலோஃபேன் ஜன்னல் வைத்த பெட்டி ஒரு மாதிரி. ஆனால் வண்டியைவிடப் பெட்டியை மாற்றுவது சுலபம், அசலைப்போல அச்சடித்த புதுப்பெட்டிகளும் கிடைக்கின்றன. பெட்டியை வைத்து வண்டியை முடிவு செய்யாதீர்கள்.

மற்ற இரண்டு வேகன்களை உருப்படியாகப் பார்க்க வேண்டுமானால் யார்க் நகருக்கு ஒரு முறை போய்வாருங்கள். பென்சில்வேனியாவில் வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் பழைய ரயில் பொம்மைக்காரர்கள் அங்கே கூடுகிறார்கள். 1954-ல் தொடங்கிய ட்ரெய்ன் கலெக்டர்ஸ் அசோசியேஷனின் அருங்காட்சியகம் அதே மாநிலத்தில் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிறது. பத்து வண்டிகளை அடுத்தடுத்துக் கையில் எடுத்துப் பார்த்தால் ரிவெட் வரிசை கண்ணுக்குப் பழகிவிடும். நான் இங்கே எழுதுவதைவிட அது பலமடங்கு உதவும்.

எதையும் இப்போதைக்குத் துடைக்காதீர்கள், முக்கியமாக எண்ணெயோ வீட்டுச் சுத்தம் செய்யும் திரவமோ படவேண்டாம். சில வண்டிகளில் எழுத்தைச் சூட்டில் அல்ல, ரப்பர் முத்திரையில் பதித்திருப்பார்கள், அது ஈரத்துணியிலேயே போய்விடக்கூடும். அந்த ஆரஞ்சு வண்டியின் உலோக ட்ரக்குகளையும் தூக்கிப்போடாதீர்கள். அவை நல்ல நிலையில் இருந்தால் 1954 வண்டி ஒன்றுக்குத் தேவைப்படும். உங்களுக்கு வேண்டிய பிளாஸ்டிக் ட்ரக் ஜோடியைக் கொடுத்து மாற்றிக்கொள்ள யாராவது கிடைப்பார்கள். முடிந்தால் மற்ற இரண்டு வேகன்களின் உள்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். பக்கச் சுவர் முழுசாக, நேராகத் தெரிய வேண்டும். வரிசைகளை எண்ணிச் சொல்கிறேன்.